மேம்பாலத்துக்கு அடியில் அஞ்சலையின் வயல்

போன வாரம் தஞ்சாவூரில் மேம்பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ஆட்டோவுக்குள் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இந்தப் பாலத்துக்கு முதல் குச்சி நட்டவன் நான் என்று சொன்னால் நம்பவா போகிறார்?

பாலம் வருமுன் ரயில்வே கேட்தான் எங்களுக்கு எஜமான். இந்தப் பக்கம் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும். அந்தப் பக்கம் நாலைந்து தெருக்களும் வயலும். கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் தாலி கட்டப்போகும் மாப்பிள்ளையும் நிற்க வேண்டியதுதான். வெள்ளரிப்பிஞ்சும் ஊர்வம்பும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆபீசுக்கு நான் தாமதமாகப் போனதற்கெல்லாம் கேட்தான் காரணம், கேட் திறந்திருந்த நாட்களிலும்.

பாலத்துக்கு அளவெடுப்பது அந்த ஆபீசில் என் முதல் வேலை. கழக ஆட்சி வந்த புதிது. குத்தகைக்கும் கூலிக்கும் வயலுக்கு வயல் தகராறு. அளவுக்குச்சிகளுக்குத் தலையில் வெள்ளை அடிப்பது வழக்கம். பச்சைப் பயிருக்குள் சிவப்புதான் பளிச்சென்று தெரியும் என்பது என் மேதாவித்தனம். சாயங்காலம் நட்டுவிட்டு வந்தேன். காலையில் போனால் ஊரே வரப்பில் நிற்கிறது.

வயலில் சிவப்பைக் கண்டால் நிலத்தைப் பிடிக்கச் செங்கொடிக்காரர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம் செய்துகொண்ட காலம் அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார். பக்கத்தில் கர்ணம். கொஞ்சம் தள்ளி அஞ்சலை. அப்பா காலத்திலிருந்து அந்த வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவர். ஆனால் எந்த வயலில் யார் பயிர் வைக்கிறார்கள் என்று கர்ணம் எழுதும் அடங்கலில் அவர் பெயர் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் மிராசுதார் தன் சொந்தப் பயிர் என்று சொல்லிவிடுவார். பெயர் இல்லாதவரை எந்த அறுவடையோடும் வெளியே அனுப்பலாம். அந்தப் பயத்தோடுதான் அந்த அம்மாள் வருஷா வருஷம் நாற்று நட்டார்.

மிராசுதார் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இது ஒண்ணும் ஆளில்லாத நெலம் இல்ல. அஞ்சலை அப்பன் காலத்துலேர்ந்து குத்தகைக்கு உழுவுறாங்க. எவன் வந்து புடிச்சிடுவான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அஞ்சலை கர்ணத்திடம் போனார்.

"அவங்க சொன்னத எழுதிக்குங்க. ஊரே கேட்டிருக்கு."

குச்சி பாலத்துக்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் கர்ணம் எழுதி முடித்துவிட்டார். ஆபீசில் எனக்குக் கிடைத்த திட்டு தனிக்கதை. வாங்கும்போது எனக்கு ஒரே சந்தோஷம்.

சில மாதங்களில் நிலம் எடுக்கும் நோட்டீஸ் வந்தது. பயிரிடுபவர்: அஞ்சலை. படித்துக்காட்டப் போனவனும் நான்தான்.

"எம்பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தரம் படிங்க தம்பி."

படித்தேன். நிலம் போகிறதே அம்மா என்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போவட்டும். எம்பேர்லதான போவுது."

கேட் போய்விட்டது. வெள்ளரிப்பிஞ்சுக்காரர்கள் எங்கே போனார்களோ. பாலத்துக்கு ஏறும் சாலை அந்த வயலின் மேல்தான் போகிறது. அஞ்சலையின் பெயர் அடங்கலில் இருந்தது ஒரே ஒரு போகம். அந்த அறுவடையை அவர் வீட்டுக் கல்யாணம் போல நடத்தினார். அடுத்த போகத்துக்கு வயலே கணக்கில் இல்லை.