அம்மா தேர்ந்தெடுத்த கடிவாளம்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. மகள்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

அம்மா மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் மட்டக்குதிரை உண்டு. அதற்குத் தீனி வைத்து வளர்ந்தவர். பட்டுக்கடைக் குமாஸ்தாவான அப்பாவை மணந்து செவிலிமேட்டுக்கு வந்தார். எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. ஐந்தாம் வகுப்பு வரை அம்மாதான் இடுப்பில் தூக்கிச் சென்றார். உயர்நிலைப் பள்ளியோ தொலைவில், நகரத்துக்குள் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, மாகறலிலிருந்து ஒரு மட்டக்குதிரையை ஓட்டி வந்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு தரம் விழுந்தா போதும். அதோட குதிரையும் வேணாம், படிப்பும் வேணாம்" என்றார்.

"மாப்பிள்ளைதான் குதிரையில வருவாரு, இந்த வீட்ல பொண்ணே வருது" என்று தெருவில் சிரித்தார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் பாலாற்று மணலில் குதிரையைப் பழக்கினார். முதலில் முதுகில் மணல் மூட்டை, பிறகு நான். அதன் காதருகே சைக்கிள் மணி அடித்தார், குடையை விரித்தார். நாக்கைச் சொடுக்கினால் நடக்கவும் "ஓ" என்றால் நிற்கவும் கற்றுக்கொடுத்தார்.

கடிவாளத்தில்தான் சிக்கல். பக்கத்து வீட்டு ஜட்காக்காரர் குதிரையின் வாயில் மாட்டும், முள் வைத்த இரும்பு ஒன்றைக் கொடுத்தார். "இதப் போடும்மா. அப்பதான் சொன்ன பேச்சு கேக்கும்."

"பயந்தா புள்ள இழுக்கத்தான் செய்யும்ணா. அந்த நேரத்துல முள்ளு குத்துனா குதிர எகிறாதா? எம்பொண்ணு கைக்குத் தக்கன இரும்பு வேணும்" என்றார் அம்மா.

ஜட்காக்காரரே கொடுத்த வேறொன்று முள் இல்லாதது, ஆனால் பெரிய குதிரைக்கானது. வாயில் அது இப்படியும் அப்படியும் நகர்ந்து உதட்டோரத்தைப் புண்ணாக்கியது. அம்மா ஒரு நூல் துண்டால் குதிரையின் வாயை அளந்து, கொல்லரிடம் வழவழப்பான, சற்றுத் தடித்த கம்பி செய்யச் சொன்னார். அதைப் போட்டதும் குதிரை தலையை உதறுவதை விட்டது.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய புதிதில் அம்மா கொஞ்ச தூரம் பின்னால் நடந்து வருவார். ஒருநாள் கோயில் திருவிழா வேட்டு மிக அருகில் வெடித்தது. குதிரை பக்கவாட்டில் துள்ளியது. நான் கடிவாள வாரை விடாமல் இழுத்தபடியே கீழே விழுந்தேன். என் முழு பாரமும் அதன் வாயில் தொங்கியது. அது எகிறவில்லை. நடுங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றது. அம்மா ஓடிவந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ஏறு. மணி அடிச்சிடப் போறாங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அன்று மாலை முழங்கால் காயத்தைப் பார்த்து அப்பா கேட்டபோது, "வாசல்ல தடுக்கிக்கிச்சு" என்றார் அம்மா. நான் படித்து முடித்து இன்று ஆசிரியையாக இருக்கிறேன்.

கடைசி நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பக்கவாதம் வந்தது, பேச்சு நின்றது, போய்விட்டார். இரவு பகலாக உடனிருந்த மாமாவுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த தெருவினருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேட்டு வெடித்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா" என்றார். பிறகு, "சொல்லியிருந்தா உன்னை நிறுத்தித்தான் இருப்பேன்."

அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.