துக்க வீட்டுக்கு வந்த வசூல்காரர்

உண்ணாமலை ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்கிறாள். மிளகாய் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கும், காரம் இல்லாமல் சோறு இறங்காத நம் ஆட்களுக்கும் ஒரே அடுப்பில் வடித்துக் கொட்டுகிறவள். சம்பளம் வங்கியில் விழுகிறது, வாடகை ஒரு மாதமும் தப்பியதில்லை. அதனால்தான் வீட்டுக்காரி ராஜம்மாள், வீட்டை விற்றுவிட்டு மகளோடு சென்னைக்குப் போய்விட முடிவு செய்ததும், வெளியாளுக்கு எதற்கு, நீயே வாங்கிக்கொள் என்று முதலில் அவளைக் கேட்டாள். உண்ணாமலையின் மகள் கவிநிலா பிறந்த வீடு, புருஷன் சுப்பன் கண்ணை மூடிய வீடு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக் கடனுக்கு எழுதிப் போட்டாள்.

வங்கியில் கடன் பிரிவிலிருந்த நந்தினி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பழைய கடன் ஒன்று கட்டாமல் நிற்கிறதே என்றாள். உண்ணாமலைக்குக் கோபமே வந்துவிட்டது. நூறு ரூபாய் கைமாற்று வாங்கினால்கூடத் தூக்கம் வராத ஜன்மம் அவள்.

ஆஸ்பத்திரிக் கடன் என்றதும்தான் விளங்கியது. சில வருஷத்துக்கு முன் சுப்பனை நெஞ்சுவலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கையில் இருந்ததையெல்லாம் கட்டியும் பில்லில் பாதி நின்றது. அங்கேயே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி மேஜை போட்டிருந்தது. ஆதார் கேட்டார்கள், கொடுத்தாள். போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார்கள், சொன்னாள். வீட்டுக்கு வந்த சுப்பன் அதிக நாள் இருக்கவில்லை.

காரியத்தன்று பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, தவணை கேட்டு ஒருவர் வந்து நின்றார். பதினாறாம் நாள் முடியும்வரை துக்க வீட்டில் கொடுக்கல் வாங்கல் பேச்சு எடுக்கக் கூடாது. பாவம், அந்த ஆளுக்கு அது தெரியவில்லையோ, மேலிடம் விடவில்லையோ. கொழுந்தன் வேடியப்பன் எச்சில் கையோடு எழுந்து போனான்.

"செத்தவன்கிட்டயே போய்க் கேளுய்யா உன் கடன."

தெருவே அவனை மெச்சியது. உண்ணாமலைக்கும், சும்மா சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஆள் மறுபடி வரவில்லை. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்ததால் வேடியப்பனே வேறு சிம் வாங்கிக் கொடுத்தான். கடன் சுப்பனோடு போய்விட்டது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். பிழைக்க வைக்காத ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பணம் என்று ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டது.

"அவருக்குக் குடுத்த கடன்தானேம்மா அது?" என்று நந்தினியிடம் கேட்டாள் உண்ணாமலை.

"அவருக்குக் குடுக்கலக்கா. உங்களுக்குத்தான் குடுத்திருக்காங்க. சம்பளம் உங்களுதுதானே?" என்றாள் நந்தினி.

அன்றைக்குப் பந்தியில் மீசையை முறுக்கிய ஆம்பளைகளில் ஒருவராவது கடன் யார் பேரில் என்று கேட்டார்களா? சம்பாதிக்கிற அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது.

கம்பெனிக்குப் போனபோது, பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல பேரம் என்று வேடியப்பன் குதித்தான். பாதியில் முடித்தால் சிபில் என்கிற கடன் பதிவில் அதுவும் கறையாகவே நிற்கும் என்று நந்தினி முன்பே எச்சரித்திருந்தாள். உண்ணாமலை கொழுந்தனை ஒரு வார்த்தை கேட்காமல், சங்கிலியையும் தோட்டையும் விற்று முழுசாகக் கட்டினாள். ஆனாலும் சிபில் ஸ்கோர் ஏறி வீட்டுக் கடன் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தது.

ராஜம்மாளால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அட்வான்ஸைக் குறைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுத் தொகையோடு வந்த வளவன் என்பவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாள்.

பத்திரம் முடிந்த மறுநாள் வளவன் வந்தார். நல்ல மனிதர். காலி செய்யச் சொல்லவில்லை, வாடகையையும் ஏற்றவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"உங்க வீடு மாதிரி நெனச்சிக்கினு இருங்கக்கா."

சரிங்க என்றாள் உண்ணாமலை. அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சுப்பன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.