காணாமல் போன ஒரு மணி இருபது நிமிடம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் 'தூக்கக்காரி' என்று பெயர். அதற்கு இரண்டு காரணங்கள். அவள் வேலை பார்ப்பது தூக்கப் பரிசோதனைப் பிரிவில். அது போக, காலைப் பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாளென்றால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்காரருக்கு ரொட்டிக்கடையில் வேலை. ஊர் எழுந்திருக்கும் முன்பே கிளம்புகிற மனிதர், ஒரு சட்டையைத் தேட வீட்டையே தலைகீழாக்குவார். அவர் கலைத்துவிட்டுப் போன தூக்கத்தின் மிச்சத்தைத்தான் அவள் பேருந்தில் தூங்கித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேருந்தின் டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷர். ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியதும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "தங்கச்சி, ஆஸ்பத்திரி வந்திருச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார். கனவுக்குள் எங்கோ இருப்பவள் திடுக்கிட்டு எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்குவாள். எட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. ஒருநாள்கூட அவள் நிறுத்தத்தைத் தவறவிட்டதில்லை.

பிரிவில் ராத்திரி வேலை மற்றவர்களுடையது. ஆட்கள் வருவார்கள், நெஞ்சில் பட்டையும் மூக்கருகே ஒரு குழாயும் மாட்டிக்கொண்டு படுப்பார்கள், விடிந்ததும் போய்விடுவார்கள். அவள் வரும்போது கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கும். மிச்சம் இருப்பதெல்லாம் பழைய கணினிக்குள் ஆளுக்கு இரண்டு ஃபைல்கள். மூச்சுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழைய கணினி எழுதியது வேறு எந்தக் கணினிக்கும் புரியாது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரி முழுக்கப் புதிய கணினிகள் வந்துவிட்டன; டாக்டர்கள் எல்லாவற்றையும் புதிய திரையில்தான் பார்க்கிறார்கள். பழைய ஃபைல்களைப் புதியது படிக்கிற வடிவத்துக்கு மாற்றி அனுப்பும் வேலை இவள் தலையில் விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் தூக்கம். மூன்று வாரம் அந்த ஃபைல்களை உற்றுப் பார்த்துப் பார்த்து, அவளே ஒரு புரோகிராம் எழுதினாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வெறும் பிடித்தமில்லை, அதில் மயங்கியே கிடந்தாள். ஜன்னல் வழியே வெயில் மேசைவரை வந்து நிற்கும். யாரோ ஒருவருடைய நடுச்சாமம், பகல் பதினோரு மணிக்கு அவள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். பெயர்கள் பட்டியலில் இருந்தாலும் அவள் எண்ணால்தான் அவர்களை அறிவாள். அறுபத்தேழு, விடியும் நேரத்தில் ஒரு பெருமூச்சு விடும். நூற்று நாற்பதின் மூச்சு ஊஞ்சல் மாதிரி, ஒரே சீராக, பார்க்கப் பார்க்க இவளுக்கே கண் சொக்கும். மாலையில் காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, 'இவர்தான் நூற்று நாற்பதோ' என்று நினைத்துக்கொள்வாள். கடைக்காரர் இரண்டு தடவை விலை சொன்ன பிறகே நினைவு திரும்பும்.

மூச்சு ஃபைல்களில் ஒரு தொல்லை மட்டும் இருந்தது. வரிசையான எண்களுக்கு நடுவே அங்கங்கே விநோதமான குறிகள். அதைக் கண்டாலே புதிய கணினி 'படிக்க மாட்டேன்' என்று அடம்பிடித்தது. பழைய கணினியில் சேர்ந்த குப்பை என்று முடிவு கட்டி, குறி வந்தால் அந்த வரியையே தூக்கி எறியும்படி புரோகிராமுக்குச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே எல்லாம் மடமடவென்று ஓடின. ஃபைல்களும் இளைத்துப் போய், சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தன. பிரிவுப் பொறுப்பாளர், "நீ பெரிய கைகாரிதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

பழைய கணினியை மதியம் எடுத்துப்போக ஆள் வரவிருந்த நாளில்தான் அது நடந்தது. பேருந்தில் டிரைவர் அண்ணன் அவளைத் தூங்கவே விடவில்லை.

"தங்கச்சி, இங்க முன்னால வந்து உக்காரு. ஒரு சந்தோஷ சமாச்சாரம்."

"என்னண்ணே?"

"எனக்குத் தொலைதூர வண்டி கெடைச்சிருச்சு. ராத்திரி வண்டி. உங்க ஆஸ்பத்திரியில வந்து படுத்துட்டுப் போனேன்ல? தூக்கம் அருமையா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாளைக்குச் சான்றிதழ் கையில வந்துரும்."

"நல்ல சேதிதாண்ணே!"

"என் வீட்டுக்காரிதான் நம்ப மாட்டேங்கறா." அண்ணன் சிரித்தார். "பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா, நடுவுல நடுவுல நீங்க அப்படியே அடங்கிப் போயிடறீங்களேங்கறா. டாக்டர விட இவளுக்கு அதிகம் தெரியுமாம்!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். ஆனால் தூக்கம் வரவில்லை. 'அப்படியே அடங்கிப் போயிடறீங்களே' என்ற வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

பிரிவுக்கு வந்ததும் பட்டியலைத் தேடினாள். அண்ணன், இருநூற்றுத் தொண்ணூற்றாறு. அவர் ஃபைல்கள் இரண்டையும் அருகருகே திறந்தாள். புதிய திரை எதை அனுப்பினாலும் தன் அகலத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும்; இரண்டும் ஒரே நீளமாகத்தான் தெரிந்தன. நேரத்தைப் பார்த்தாள். இதயம் ஏழு மணி நேரம் துடித்திருந்தது. மூச்சு ஐந்து மணி நாற்பது நிமிடம்தான் ஓடியிருந்தது.

ஒரு மணி இருபது நிமிடம் எங்கே?

பழைய கணினியில் மூல ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. பத்தொன்பது. இருபத்தேழு. முப்பத்தொன்று. அந்தக் காலத்துக் கணினிக்கு இடம் போதாது. மூச்சுக்கோடு அசையாமல் படுத்துவிட்டால், அதை நொடிக்கு நொடி எழுதாமல், 'இத்தனை நொடி ஒன்றுமில்லை' என்று ஒரே குறியில் முடித்துவிடும். குப்பை என்று இவள் எறிந்ததெல்லாம் மூச்சு நின்ற நேரங்கள். எண்ணிப் பார்த்தாள். அண்ணனுக்கு ஒரே ராத்திரியில் இருநூற்று நான்கு தடவை நின்றிருந்தது.

நூற்று நாற்பதைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. திறந்தாள். அந்த ஊஞ்சல் அங்கே இல்லவே இல்லை. அந்தச் சீரை இவளே செய்து, இவளே பார்த்து மயங்கியிருந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

யாருக்கும் தெரியாது என்பதையும் அவள் நினைக்காமல் இல்லை. மதியம் பழைய கணினி போய்விட்டால் தடயமே இருக்காது. பெயரும் கெடாது, அண்ணனுக்கும் வண்டி கிடைக்கும். நாற்பது பேர் அவரை நம்பிப் பின்னால் தூங்கிக்கொண்டு போவார்கள், அவள் தினமும் தூங்குகிற மாதிரி. அதற்குமேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கணினியக் கொண்டுபோக எப்ப வர்றாங்க?"

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல, டாக்டர்."

"வந்தா நான் பேசிக்கறேன். நீ முந்நூத்திப் பன்னெண்டையும் திரும்ப மாத்து. உன்னைத் திட்ட இப்ப எனக்கு நேரமில்ல."

திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். குறி வரும் இடத்தில் அத்தனை நொடிகளுக்கும் நேர்கோடு போடச் சொல்லிப் புரோகிராமைத் திருத்தினாள். ஃபைல்கள் மறுபடி பருத்தன. முடிவு மாறிய நாற்பத்தொரு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நல்லவேளை, எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

அண்ணனை அன்று பிற்பகலே வரச்சொன்னார்கள். தொலைதூர வண்டி இல்லை. சிகிச்சை முடிந்து மறுபரிசோதனையில் தேறும்வரை எந்த வண்டியும் இல்லை என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தவர் நடைவழியில் இவளைப் பார்த்து நின்றார்.

"நீயா தங்கச்சி கண்டுபிடிச்சே?"

"தொலைச்சதும் நாந்தாண்ணே."

அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் பேருந்தில் புது டிரைவர். ஜன்னலோரம் அவள். மூன்றாவது நிறுத்தத்தில் அண்ணன் ஏறினார்; மூச்சுக் கருவி மாட்டிப் பழக ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே வரச்சொல்லியிருந்தார்கள். காலியாக இருந்தது அவள் பக்கத்து இருக்கை மட்டும்தான். உட்கார்ந்தார். முகம் கொடுக்கவில்லை. எட்டு வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகம், பக்கத்தில் வந்ததும் யாரோபோல் இருந்தது. ஓட்டுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்த அண்ணனுக்கு, கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது.

அன்றுதான் அவள் அந்தச் சாலையை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தாள். சலவைக்கடை, பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக மெல்ல வந்து போயின. எட்டு வருடம் இதற்குள்தான் தூங்கியிருக்கிறோமா என்று வியப்பாக இருந்தது. பக்கத்தில் அண்ணனின் மூச்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. பிறகு நின்றது.

அவள் எண்ணத் தொடங்கினாள். பத்து. திரையில் ஒரு குறியாகப் பார்த்தது இதைத்தான். பதினைந்து. எவ்வளவு நீளம்! இருபது. அவர் சட்டைப் பொத்தான் அசையவில்லை. இருபத்தைந்து. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது. முப்பத்தொன்று. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரி வந்திருச்சு!"

அண்ணன் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு விழித்தார். வெளியே பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. அது அவருக்குத் தெரியாத சாலையா? அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்; எண்ணிக்கொண்டிருந்த அவள் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

"எத்தனை எண்ணினே?"

"முப்பத்தொண்ணுண்ணே."

அண்ணன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் வீட்டுக்காரி," என்றார் மெதுவாக, "இத்தனை வருஷமா தெனம் எண்ணிக்கிட்டு முழிச்சுக் கெடந்திருக்கா."