முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

உலக வரலாற்றுப் புத்தகங்களில் அந்த நிலநடுக்கத்துக்கு இரண்டே வரிதான். ஒன்றில் நாள், மற்றதில் இறந்தவர்கள் 312 பேர். அந்தக் கணக்கைப் பதிவேட்டில் எழுதியவர் நகராட்சி எழுத்தர். கையெழுத்து அச்சு வார்த்தது போல இருக்கும் என்பதால் எல்லோரும் அவரை 'அச்சு' என்றே கூப்பிட்டார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பூமி குலுங்கிய மூன்றாம் நாள் அதிபர் வானொலியில் பேசினார். "முந்நூற்றுப் பன்னிரண்டு உயிர்களை இழந்தோம்" என்றார். இடிபாடுகளில் பாதியைக்கூட அதுவரை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. எந்தப் புண்ணியவான் அந்த எண்ணை அவர் காதில் ஓதினானோ! முந்தைய வருட வெள்ளத்தில் அதிபர் சொன்ன எண்ணைத் திருத்திய பொறியாளர் இன்னும் வீடு திரும்பவில்லை.

மேலதிகாரி அச்சுவைக் கூப்பிட்டார். "முன்னூத்தி பன்னெண்டு வரைக்கும் 'இறப்பு'ன்னு எழுதுங்க. அதுக்கு மேல வர்றவங்களுக்குத் தனி நோட்டு. 'வீட்டை விட்டுச் சென்றவர்'னு போட்டுடுங்க."

அச்சு அப்படியே எழுதிக்கொண்டு போனார். ஐந்தாம் நாளே முந்நூற்றுப் பதினொன்று நிரம்பியது. கடைசி வரியை மட்டும் காலியாக விட்டார். அவர் மனைவி வேலை பார்த்த நூற்பாலை தரைமட்டமாகிக் கிடந்தது. அவளை இன்னும் எடுக்கவில்லை. உயிரோடு வந்துவிடுவாள் என்று ஒரு மனம் சொன்னது. வராவிட்டால் அவளுக்கு ஓர் இடம் வேண்டுமே என்று இன்னொரு மனம் சொன்னது. பதிவேட்டில் உள்ள பெயர்களைத்தான் நினைவுக் கல்லில் பொறிக்கப் போகிறார்கள். ஏழு வயது மகள் வெளியூரில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தாள்.

ஆறாம் நாள் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். மகனைத் தன் கையாலேயே தோண்டி எடுத்துப் புதைத்துவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் மண்.

"எம் பையன் பேரை எழுதுங்க சார்."

"இடம் இல்லைங்க. வீட்டை விட்டுப் போனவங்க நோட்டுல எழுதிக்கிறேன்."

"நாலு வயசு சார் அவனுக்கு! எங்க போவான்?"

"எனக்கென்ன தெரியும்? எங்கயாவது போயிருப்பான். அடுத்த ஆள் வாங்க!"

ரொட்டிக்கடைக்காரரின் கண் காலி வரியில் விழுந்தது. அச்சு அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். அந்தக் கை விளங்குமா?

ஒன்பதாம் நாள் மனைவியை எடுத்தார்கள். கழுத்தில் தொங்கிய ஆலை அட்டையை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. ஆலைக்குப் பின்னால் தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார். பதிவேட்டைத் திறந்தால், கடைசி வரியில் மேலதிகாரியின் கோணல் எழுத்து. அவருடைய மாமனார் பெயர். எண்பத்தாறு வயதில், வேறு ஊரில், காசநோயில் போன கிழவர்.

"ஐயா, அது என் சம்சாரத்துக்கு வெச்சிருந்த இடம்."

"பதிவேடு என்ன பஸ் சீட்டா, துண்டு போட்டு இடம் பிடிக்க?" மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பதிமூணுன்னு ஆனா நம்ம ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. பொண்ணு இருக்குல்ல உங்களுக்கு? எழுதுங்க."

எழுதினார். 'வீட்டை விட்டுச் சென்றவர்.' ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

குழந்தை எங்கேயாவது உளறிவிட்டால் தலை போய்விடும் என்ற பயத்தில், "அம்மா நம்மள விட்டுட்டு ஓடிட்டா" என்றே மகளிடமும் சொல்லிவைத்தார். அதிபர் இருபத்திரண்டு வருடம் ஆண்டு, தூக்கத்திலேயே சுகமாகச் செத்தார். மறுவாரமே அச்சு மகள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார்.

"எங்க புதைச்சீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஆலைக்குப் பின்னாடிம்மா. இப்ப அங்க அணிவகுப்பு மைதானம் இருக்கு."

மகள் சிரித்தாள். "பத்து வயசுல அந்தக் கல்லு முன்னால நின்னு ஒவ்வொரு பேரா படிச்சேன்ப்பா. அவ செத்திருக்கணும், செத்திருக்கணும்னு வேண்டிக்கிட்டே படிச்சேன். அவ பேரு இல்ல. இப்ப வந்து அவளுக்கு வக்காலத்து வாங்காதீங்க."