நெரிடா அனுப்பிய முன்பணம்

கிளைவ் ஹார்ட்டிகனுக்கு ஒரு குணம். ஊரான் வேலை என்றால் விழுந்தடித்து ஓடுவான், தன் வேலை என்றால் திங்கட்கிழமை பார்க்கலாம் என்பான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்பெஞ்சில் இருந்தவன். அப்போதே அப்படித்தான். என் சைக்கிள் செயினை மாட்டிக்கொடுத்துவிட்டு, தன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து திட்டு வாங்குவான். அறுபத்து மூன்று வயதிலும் அந்த மனுஷன் திருந்தவில்லை. திருந்தியிருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது.

எங்கள் ஊர் கூட்டமுண்ட்ராவில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பெரிய தகரக் கொட்டகை. அதில் முப்பத்தொரு வருஷமாக டிங்கர் பட்டறை வைத்திருந்தான். கங்காரு மோதி முகப்பு நசுங்கிய வண்டி, ஆலங்கட்டி மழையில் கூரை குழிந்த வண்டி, குடித்துவிட்டு வேலிக்கம்பத்தில் ஏற்றிய வண்டி என்று எது வந்தாலும் கிளைவ் கைபட்டால் பழைய முகத்தோடு வெளியே போகும். கொட்டகை மட்டும் அவனுடையது இல்லை, வாடகை. முப்பத்தொரு வருஷ வாடகைக்கு இரண்டு கொட்டகை வாங்கியிருக்கலாம் என்று அவன் மனைவி நெரிடா சொல்லாத நாள் கிடையாது.

நெரிடா என் சிநேகிதி. சின்ன வயசில் ஒரே அணியில் வலைப்பந்து ஆடினோம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு, கரண்ட் பில் என்று கரைந்துவிடும். ஓய்வு பெற்றபோது நீண்டகாலப் பணிக்காக ஒரு தொகை கொடுத்தார்கள். அதை மட்டும் தன் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வைத்தாள். "இது எனக்குடி. என்ன பண்ணப்போறேன்னு இன்னும் தெரியல, ஆனா எனக்கு" என்றாள். எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நான் ஜாய்லீன். வக்கீல் ஆலிஸ்டர் பைக்கிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. பிரமாணப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அரசாங்கம் எனக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை நான் கேட்டு வாங்கினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கொட்டகைச் சொந்தக்காரர் செத்துப்போனார். பிள்ளைகள் சிட்னியில். ஏலத்துக்கு விட்டார்கள். கிளைவும் நெரிடாவும் வயதான காலத்துக்கென்று சேர்த்த ஓய்வுநிதியைத் தாங்களே நடத்தி வந்தார்கள். அந்த நிதியில் இருந்ததைப் போட்டு, மிச்சத்துக்கு நிதியின் பெயரில் பேங்க் கடன் வாங்கிக் கொட்டகையை வாங்கிவிடுவது என்று முடிவானது. பட்டறை இனி நிதிக்கு வாடகை கட்டும். கடன் அடைந்தபின் அந்த வாடகையே இரண்டு பேருக்கும் சாகும்வரை சோறு போடும். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. கிளைவின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. எழுபது வயதில் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருக்க முடியாது.

கடன் வாங்கும் நிதி, சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக ஒரு டிரஸ்ட் எழுதி, பெயருக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்து, அந்தக் கம்பெனி நிதிக்காகச் சொத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். மொத்தப் பணமும் நிதியிலிருந்துதான் வந்தது என்று காட்டினால் அரசாங்கம் ஒரே ஒருமுறை முத்திரைத்தீர்வை வாங்கும். இல்லையென்றால் இரண்டு கைமாற்றம் நடந்ததாகக் கணக்கு வைத்து இரண்டு முறை வாங்கும். இதை அவனுக்கு நான் பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இதப் பாரு கிளைவ், நீ வேற, உன் நிதி வேற. கையெழுத்து கம்பெனி பேர்ல. காசு நிதியோட கணக்குலேருந்து. வெளியிலேருந்து ஒரு டாலர் வரக் கூடாது."

"நிதியில இருக்கிறதும் எங்க காசுதானே?"

"ஆமா. ஆனா அது நீ இல்ல."

"நான் இல்லேன்னா யாரு, என் பெரியப்பனா?"

நெரிடா சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சனிக்கிழமை ஏலம். முன்பணத்துக்கு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பேங்குக்குப் போய், கையெழுத்துப் போட்டு, நிதிக் கணக்கிலிருந்து பேங்க் காசோலை வாங்கி வர வேண்டும். எங்கள் ஊர் பேங்க் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே கதவைச் சாத்திவிடும். பதினோரு மணிக்குக் கிளைவுக்குப் போன் போட்டேன். பன்னிரண்டுக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்கு எடுத்தான்.

"எங்கய்யா இருக்க? நெரிடா பேங்க் வாசல்ல காஞ்சுக்கிட்டு நிக்கிறா!"

"நம்ம ஊர்த் தீயணைப்புப் படை வண்டிக் கதவு பூட்ட மாட்டேங்குது ஜாய்லீன். மரக்கிளை விழுந்து நெளிஞ்சு கெடக்கு. நாளைக்கு நாப்பத்திரெண்டு டிகிரிங்கிறான். நெருப்பு பத்திக்கிட்டா இதுலதான் போகணும். எவனாவது கீழ விழுந்து செத்தா நீயா பதில் சொல்லுவ?"

"பத்து டாலர் சம்பளம் உண்டா அந்த வேலைக்கு?"

"எவனுக்கு உண்டு? படையில எல்லாரும் சும்மாதானே போறோம். அந்தச் செக்க திங்கக்கிழமை குடுத்துக்கலாம். ஒண்ணும் ஆயிடாது, விடு."

ஒன்றும் ஆகாதாம்! எங்கள் ஜனங்களுக்கு இந்த ஒரு வார்த்தையைத் தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டிவிடுகிறார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொட்டகை வாசலில் நடைபாதையில் ஏலம். ஊர் முழுக்க வந்திருந்தது. வாங்குவதற்கு இல்லை, கிளைவுக்குத் துணை நிற்க. உள்ளூர்க்காரன் ஒருவன்கூட அவனுக்கு எதிராக வாய் திறக்கவில்லை. வாகா வாகா நகரத்திலிருந்து ஒருத்தன் கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தான். சாமான்கள் பூட்டி வைக்க வாடகைக்கு அறை விடும் கம்பெனிக்காரன். அவனும் கிளைவும் மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். மூன்று லட்சத்து எண்பதாயிரத்தில் அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினான். சுத்தியல் விழுந்தது. ஜனங்கள் கைதட்டிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

கார் பானெட்டில் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கம்பெனி பெயரை எழுத்தெழுத்தாக எழுதினான் கிளைவ். எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏல ஏஜென்ட் கை நீட்டினான். "அஞ்சு பர்சென்ட், பத்தொம்பதாயிரம். செக்கா, போன்லயா?"

"திங்கக்கிழமை தர்றேனே."

"கிளைவ், உனக்காக நான் எது வேணாலும் செய்வேன். ஆனா அந்தக் கண்ணாடிக்காரன் இன்னும் கார எடுக்கல பாரு. இன்னிக்கு முன்பணம் வரலேன்னா வித்தவங்க என் கழுத்தப் பிடிப்பாங்க."

நிதிக் கணக்கிலிருந்து போனில் அனுப்ப முடியாது, இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய கணக்கு அது. நெரிடா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நெரிடா, இரு, இரு. ஆலிஸ்டர ஒரு வார்த்தை கேக்கறேன்" என்றேன்.

"நீ சும்மா இருடி, எல்லாம் ஒரே வீட்டுக் காசு" என்றாள். ஆலிஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் அணைக்கட்டில் மீன்பிடிக்கப் போயிருந்தார், போன் போகவே இல்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஊர் பார்க்கிறதே என்று நின்றுவிட்டேன்.

அவள் போனில் ஒருநாளைக்கு இருபதாயிரம்தான் அனுப்பலாம். அந்தக் கண்ணாடிக்காரன் இன்னும் கொஞ்சம் ஏற்றி நாலு லட்சத்தைத் தாண்டவிட்டிருந்தால் பணம் போயிருக்காது, இவர்கள் தப்பித்திருப்பார்கள். பணம் அனுப்பும்போது விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும் இல்லையா? அதில் அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டினாள்: "கிளைவுக்கு என் பரிசு. இனி வாடகை இல்லை."

கிளைவ் அத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். ஏஜென்ட்கூட மூக்கை உறிஞ்சினான்.

மூன்று வாரம் கழித்து முத்திரைத்தீர்வை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முன்பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி அனுப்பவும். அனுப்பினோம். வேறென்ன செய்வது? அதற்குப் பதில் ஒரு வாரத்தில் வந்தது. பணம் மனைவி கணவனுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்த பரிசாகத் தெரிகிறது. எனவே வாங்கியது நிதி என்று ஏற்க இயலாது. இரண்டாம் முறையும் முழுத் தீர்வை கட்ட வேண்டும்.

இரண்டாம் முறைத் தீர்வை பன்னிரண்டாயிரம் சொச்சம். அதை நானே கைமாற்றாகக் கொடுத்திருப்பேன். ஆனால் கடிதத்தைப் பார்த்த பேங்க் பின்வாங்கிவிட்டது. டிரஸ்டே சந்தேகத்தில் இருக்கும்போது கடன் கிடையாதாம். கடன் இல்லையென்றால் கிரயம் இல்லை. கிரயத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி.

"நெரிடா அந்தப் பணத்த நிதிக்குன்னு நெனச்சுத்தான் கொடுத்தாங்கன்னா, அத அவங்க பிரமாணமா எழுதிக் கொடுக்கலாம். அனுப்பினா ஏத்துக்கவும் வாய்ப்பிருக்கு" என்றார் ஆலிஸ்டர். நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். நாலு வரி. 'மேற்படி தொகை என் கணவருக்கு நான் அளித்த பரிசு அல்ல. ஓய்வுநிதிக்காகவே செலுத்தினேன்.'

இரண்டு பேரும் வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கிளைவ் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். நெரிடா படித்தாள், பேனாவை எடுத்தாள். சாட்சிக் கையெழுத்துப் போடுமுன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இதுல இருக்கிறதெல்லாம் உண்மைதானே?"

"உண்மை எங்கடி இருக்கு இதுல? அவனுக்குத்தான் கொடுத்தேன், நீயும்தானே பக்கத்துல நின்ன. எங்க போடணும் கையெழுத்து, இங்கயா?"

வாசற்படியில் டீக் கோப்பையோடு ஆலிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் கோப்பையை என் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"ஜாய்லீன், அந்தத் தாளக் கிழிச்சுடு" என்றார். "பொய்னு என் காதால கேட்டத நான் அனுப்ப முடியாது, கிளைவ். மன்னிச்சுடு."

"அவளுக்கு என்னய்யா தெரியும், வாய் தவறிச் சொல்லிட்டா!" கிளைவ் எழுந்துவிட்டான். "மருந்துக்கடைக்காரர்கிட்ட போறேன், அவருக்கும் சாட்சி போட அதிகாரம் இருக்கு. நெரி, வா. இது பரிசு இல்லைன்னு அங்க சொல்லு. அவ்வளவுதான். நாலு வார்த்தை."

நெரிடா எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"வக்கீல் காதுல விழுந்தாச்சு. இனிமே எங்க போய் யார்கிட்ட மாத்திச் சொல்றது?" என்றாள். "முப்பத்தெட்டு வருஷத்துல வீட்டுக் காசுல இல்லாம உனக்குன்னு நான் கொடுத்தது அது ஒண்ணுதான். அத இல்லைன்னு எழுதச் சொல்றியா?"

"கொட்டகை போயிடும்டி!"

"தெரியும்."

"நான் எங்க போவேன்?"

அவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். இஞ்சினைப் போடவில்லை. நெரிடா முக்கால் மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன், இரண்டும் ஆறிப்போயின.

கிரயத் தேதி போனது. கூடுதலாகக் கொடுத்த இரண்டு வாரமும் போனது. விற்றவர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். பத்தொன்பதாயிரத்தில் ஒரு காசு திரும்பி வரவில்லை. கண்ணாடிக்காரன் மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டான். கிளைவுக்கு முப்பது நாள் நோட்டீஸ். கொட்டகையைக் காலி செய்யத் தீயணைப்புப் படை மொத்தமும் அந்த வண்டியோடு வந்தது. கதவு இப்போது நன்றாகப் பூட்டிக்கொண்டது. கிளைவ் அந்த வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு படைக்கும் போவதில்லை.

இப்போது தினம் ஒரு மணி நேரம் வண்டியோட்டி வாகா வாகாவுக்குப் போய், தன் மகன் வயதுக்காரன் ஒருவன் பட்டறையில் கூலிக்கு வேலை பார்க்கிறான். முழங்கால் வலிக்கு மாத்திரை. ஓய்வுநிதியில் இருப்பது எத்தனை வருஷத்துக்கு வரும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

போன மாசம் நெரிடா என் வீட்டுக்கு வந்தாள். பேசிக்கொண்டிருந்தவள், போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளைவ் அவளுக்கு வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புகிறான். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு தடவையும் விவரம் எழுதும் கட்டத்தில் அதே இரண்டு வார்த்தை: 'பரிசு அல்ல.'

"மொதல்ல வெளையாட்டுக்கு எழுதறான்னு நெனச்சேன்டி" என்றாள். "நல்லாச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தவன்கிட்ட, ஏய், என்ன கிண்டலான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"தட்டக் கழுவி வச்சிட்டுப் போய்ப் படுத்துட்டான்."