அடுப்படிப் பாடம்

என் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் பெற்றோரில் யாராவது ஒருவர், பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து, இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பருப்பிலிருந்து பால் எடுப்பதும் பலாக்காயை இறைச்சிபோல நார்நாராகப் பக்குவப்படுத்துவதும் பிழைக்க வழி என்று சொன்னால் லேசில் நம்ப மாட்டார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் என் பெரியப்பா. அவர்மேல் பட்ட கோபமே இன்னும் செலவாகி முடியவில்லை.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், பெஹாலா பக்கம் குடியிருந்தோம். கரியாஹாட் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா டிபன் கடை நடத்திவந்தார். இட்லி, தோசை, உளுந்துவடை. ஞாயிறு தவிர, விடியுமுன் போனால் ராத்திரிதான் வீடு திரும்புவார். பெரியப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ஆபீஸ் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, குடும்பத்தில் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்துக் கொடுத்து, அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளியில் ஒரு புதுப் பாடம் வந்தது. அதன் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். மண்ணையும் தண்ணீரையும் பாழாக்காமல் விளைகிற பயிர்களிலிருந்து உணவு தயாரிப்பது, கெடாமல் வைப்பது, விற்பது, அந்தத் தொழிலில் வேலை தேடிக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கம்ப்யூட்டரை எடுப்பார்கள் என்பது எழுதாத சட்டம். நானும் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தேன்.

பாடத்தை அறிமுகப்படுத்த வந்த மிஸ் கல்லூரியை விட்டு வந்து அதிக நாள் ஆகாத வங்காளிப் பெண். பேசும்போது குரல் நடுங்கியது. பேச்சை நிறுத்திவிட்டு, பிசைந்து கொண்டுவந்திருந்த கோதுமை மாவு உருண்டையைக் குழாயடியில் பிடித்துக் கசக்கினார். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. ஓடி முடிந்ததும் அவர் கையில் ரப்பர் போல ஏதோ மிஞ்சியது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. தினமும் ரொட்டியில் இதைத்தான் தின்கிறீர்கள், இதை வைத்து என்னென்ன செய்யலாம் தெரியுமா என்று கேட்டார். மாவு வாசனையிலேயே வளர்ந்த எனக்கு மாவுக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருப்பது தெரியாமல் போனது அவமானமாக இருந்தது. இன்னும் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறதோ என்று ஆசையும் வந்தது. அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் கையை உதறினார்.

“இது என்ன அடுப்படிப் பாடம்? இதுக்கெல்லாம் ஒரு படிப்பா? இந்த வீட்டுல ஒருத்தன் மாவாட்டுறது பத்தாதா?”

மாவாட்டுகிறவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. சொல்றத கேளு என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நான் கேட்கவில்லை. அதற்கு மேல், வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்தினேன். பெரியப்பா தன் பாதி ஆயுளைக் கல்கத்தாவில் கழித்தும் வங்காளம் கற்றுக்கொள்ளாதவர். இந்தியும் ஆபீஸ் இங்கிலீஷும் போதும் என்று இருந்துவிட்டார். அவர் தமிழில் திட்டத் திட்ட நான் வங்காளத்தில் பதில் சொன்னேன். ‘ஆமி ஷுன்போ நா’, கேட்க மாட்டேன் என்று அர்த்தம். அவர் அம்மாவிடம் திரும்பி என்ன சொல்கிறாள் என்று கேட்பார். யோசித்துச் சொல்கிறாளாம் என்று அம்மா மொழிபெயர்ப்பாள். பதில் புரியாமல் சண்டை போடுவது சிரமம். அவர் களைத்துப் போனார்.

அடுத்த வாரம் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். குரல் குழைந்திருந்தது. தானே பள்ளிக்குப் போய் விசாரித்ததாகவும், சேர ஆள் இல்லாததால் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டதாகவும், என் இடம் போய்விடக் கூடாதே என்று கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். எனக்காக வருத்தப்படுவது போல முகத்தைக்கூட வைத்துக்கொண்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே சந்தேஷையும் தின்றேன்.

கம்ப்யூட்டர் அறை மாடியில் இருந்தது. சில நாள் கழித்து ஜன்னலோர இடம் கிடைத்தது. கீழே எட்டிப் பார்த்தால் பள்ளியின் பின்பக்கம், தகரக் கொட்டகையில், மிஸ் நின்றுகொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சுப் பலாக்காயை அரிந்துகொண்டிருந்தார்கள். பால் ஒட்டிக்கொண்டு கத்தி வராமல் ஒருத்தி சிரித்தாள்.

புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கே போகிறாய் என்று சார் கேட்டார். என் வகுப்புக்கு என்றேன். நேராகக் கொட்டகைக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டேன். மறுநாளும் அங்கேதான் போனேன், அதற்கடுத்த நாளும். மாடியில் வருகைப் பதிவில் நான் இல்லை. கொட்டகையில் என் பெயரே கிடையாது. மிஸ் ஒருமுறை தயங்கி, உனக்குப் பிரச்சினை வருமே என்றார். வரட்டும் என்றேன்.

வந்தது. தலைமையாசிரியை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். பெரியப்பா தேய்த்த சட்டையில் வந்திருந்தார். கடையைப் பாதியில் விட்டுவந்த அப்பாவின் முழங்கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. மிஸ்ஸையும் கூப்பிட்டு, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தலைமையாசிரியை கேட்டார். உணவுத் தொழிற்சாலை, பரிசோதனைக் கூடம், விவசாயிகள் சங்கம், பெரிய கேன்டீன்கள், முடிந்தால் சொந்தத் தொழில் என்று மிஸ் சொன்னார். நிச்சயம் கிடைக்குமா என்றால் சொல்ல முடியாது, மாடியில் படிப்பவர்களுக்கும் அதே பதில்தான் என்று சேர்த்துக்கொண்டபோது அவர் குரல் நடுங்கவில்லை.

மீனும் ஆட்டுக்கறியும் இல்லாமல் இந்த ஊரில் யார் சாப்பிட உட்காருவார்கள் என்று பெரியப்பா இங்கிலீஷில் கேட்டார். அப்படியானால் பிஞ்சுப் பலாக்காய்க்கு இந்த ஊர்க்காரர்கள் எதற்கு ‘மரத்து ஆடு’ என்று பெயர் வைத்தார்கள் என்று நான் வங்காளத்தில் கேட்டேன். தலைமையாசிரியை அடக்கிக்கொள்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“என்ன படிச்சாலும் கடைசில அடுப்புகிட்டதானம்மா வந்து நிக்கணும்?”

வெகு நாளைக்குப் பிறகு நான் தமிழில் பேசினேன்.

“நின்னா நிக்கிறேன்ப்பா. ஆனா நானா போய் நிப்பேன். வேற வழியில்லாம நிக்க மாட்டேன்.”

அப்பா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மேஜையில் இருந்த காகித எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தன்னுடைய கடை வங்காளத்தில், அவள் எங்கே உட்காருகிறாளோ அங்கேயே பெயரைப் போட்டுவிடுங்கள் தீதி என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்.

“படி. ஆனா நம்ம கடைக்குள்ள மட்டும் நீ காலு வைக்கக் கூடாது.”

ஜெயித்த மாதிரியும் இருந்தது, அடிபட்ட மாதிரியும் இருந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் வகுப்பில் முதன்முதலாக உருப்படியாக ஒன்று வந்தது. பலாக்காயும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்த கட்லெட். அதற்கு முன் செய்ததெல்லாம் ஒன்று செருப்புத்தோல், இல்லை கஞ்சி. ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றேதான், கரியாஹாட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கடைக்குள் நுழைந்து, தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்ட அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு நடைபாதையில் இறங்கி, கைப்பை விற்பவரின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றுகொண்டு, ஒன்று விடாமல் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“உப்பு பத்தல” என்றார்.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொள்கிறேன் என்று அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன். மறுபடியும் வாசலை மறித்துக்கொண்டார். வீட்ல போய்க் கழுவிக்கோ என்றார். உள்ளே சட்னி அரைக்கும் சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனார். யார் யாரோ போகலாம், நான் போகக் கூடாது. இதைவிடப் பெரிய சமையற்கூடம் கட்டுவேன், உங்களை வாசலிலேயே நிற்க வைப்பேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டு, பஸ்கூட ஏறாமல் வெகுதூரம் நடந்தேன்.

பட்டறை தொடங்கிய வருடம்தான் அம்மா ஒருநாள் பூண்டு உரித்தபடி அந்தக் கதையைச் சொன்னாள். அப்பா கல்கத்தாவுக்கு வந்தது காலேஜில் படிக்க. சேர்த்துவிட்டவர் பெரியப்பா. அந்தக் கடை அப்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. அவர் படுத்த படுக்கையானதும், காலேஜுக்குப் போகுமுன் காலையில் மட்டும் கூடமாட நில்லு, கொஞ்ச நாள்தான் என்று பெரியப்பாதான் தம்பியை அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நாள் முடியவே இல்லை. காலேஜ்தான் முடிந்துபோனது. அதைப் பற்றி அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதே கிடையாது என்றாள்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. காலி டிபன் பாக்ஸோடு, வேர்த்து விறுவிறுத்து, கரியாஹாட்டின் புடவைக் கடைகளுக்கு நடுவே நடந்தவளுக்கு, சொந்த அப்பாவே தன்னைத் துரத்திவிட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாசலைவிட்டு நகர்ந்தாரா, நான் கண்ணைவிட்டு மறையும்வரை அங்கேயே நின்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.