டிராகனை வெட்டாத ஆள்

என் அக்காவின் கணவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர், லிஃப்டில் ஏற மாட்டார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எத்தனை மாடியானாலும் படியேறித்தான் போவார். கேட்டால், "கதவு மூடினா எனக்கு ஆகாது. அதுல என்னென்ன கழண்டு போகும்னு எனக்குத்தானே தெரியும்?" என்பார்.

இந்த அத்தானைத்தான் அக்கா தன் மாயாஜால நாவலுக்கு நாயகனாக்கினாள். கதையில் அவன் பூட்டு ரிப்பேர்காரன். ராஜா ஆள் அனுப்பினால், "எனக்கெதுக்குங்க வம்பு?" என்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வான். சாப்பாட்டு மேசையில், இஸ்திரி போட வேண்டிய துணிகளுக்கு நடுவே, கண்ணும் கருத்துமாக எழுதினாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பதிப்பாளரோ, குகையில் இருக்கும் டிராகனின் தலையை அவன் வெட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"இவர் கரப்பான்பூச்சியையே துடைப்பத்தால தள்ளி வெளிய விடுற ஆளு. இவர் கையில வாளைக் கொடுத்தா நானே நம்ப மாட்டேன்டி," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவளும் நானும் காய்கறிப் பையோடு அவர்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறினோம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மேலாளரும் ஏறினார். வாயைத் திறந்தால் வசவுதான். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. மேலாளர் கதவை நெம்பி ஒரு சாண் திறந்து, இடுக்கில் காலை வைத்துக்கொண்டார். வெளியே வெறும் சுவர்.

அபாய மணியை அழுத்தினோம். அத்தான் ஓடி வந்தார். மொட்டைமாடி இயந்திர அறையில் அவருடைய கூட்டாளி சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் மெல்ல இறங்கிவிடும். ஆனால் யாருடைய கையோ காலோ கதவிடுக்கில் இருந்தால் சக்கரத்தைத் தொடக்கூடாது. அதில் மட்டும் அத்தான் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

"ஐயா, காலை எடுங்க. கதவை மூடினாத்தான் இறக்க முடியும்," என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

"மூடினா மூச்சு முட்டும்யா! உன் வேலைக்கே உலை வச்சிடுவேன்!" என்று மேலாளர் கத்தினார். சட்டையெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

மேலே சத்தமே இல்லை. அத்தான் நழுவிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு லிஃப்டின் கூரையில் இருந்த சின்ன மூடி திறந்தது. இரண்டு கால்கள் தொங்கின. தொப்பென்று எங்கள் தக்காளிப் பைமேல் குதித்தார்.

"தக்காளி போச்சு," என்றார் அக்காவிடம். பிறகு மேலாளர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஐயா, எனக்கும் கதவு மூடினா ஆகாது. என் கையைப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மூடலாமா? நீங்க சரின்னா மட்டும்."

மேலாளர் பார்த்தார். அந்தக் கை அவர் கையைவிட அதிகமாக நடுங்கியது. வசவு நின்றது. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே இழுத்தார். கதவு மூடியது. அத்தான் கண்ணை இறுக்கிக்கொண்டு, "சுத்துப்பா!" என்று கூவினார். கீழ்மாடியில் கதவு திறக்கும் வரை இருவரும் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அவ்வளவு திட்டினாரே அத்தான், கோபமே வரலையா?"

"உள்ள மாட்டினவங்க திட்டத்தான் செய்வாங்க. பயந்தா வேற என்ன பண்ணுவாங்க?"

அக்கா நசுங்கிய தக்காளியை அப்படியே போட்டுவிட்டு எழுதப் போனாள். இப்போது அவள் கதையில் டிராகன் குகைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்பு கக்குவதெல்லாம் பயத்தில். பூட்டு ரிப்பேர்காரன் வாளை வெளியே வைத்துவிட்டு, உடம்பெல்லாம் உதற, உள்ளே போய் அதன் பக்கத்தில் உட்காருகிறான். பதிப்பாளர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பிறகு, "சரி, தலை இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

கதை என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அத்தான், அந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது நான்தான்னு யார்கிட்டயும் சொல்லாத. இவனுக்கு என்ன தைரியம்! நானா இருந்தா ஓடியே போயிருப்பேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார், படி வழியாக.